நாய் வந்த கப்பல்

பதுளையில் மொனராகலை பஸ் ஏறியதும் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் மடியில், குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுவதற்கு அன்றுதான் கைக்கு வந்த பாஸ்போர்ட். இளையவர் சொன்ன ஒரே வார்த்தையில் என் புத்தகம் மூடிக்கொண்டது.

“அக்கா, அந்த வெள்ளக்கார நாய் கப்பல்ல வந்துச்சாம்!”

“எந்த நாய்டி?”

“கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட வேன் நிக்குதுல்ல? அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளயே. புருசன், பொஞ்சாதி, நாய், மூணு பேரும் அதுலயே ஊர் சுத்துறாங்க. கூரையில நீட்டுப் பலகை கட்டியிருக்கு. வழியில பனி மலையக் கண்டா எறங்கி, அதக் கால்ல மாட்டிக்கிட்டு வழுக்குவாங்களாம்.”

“எதுக்கு?”

“சும்மா, சந்தோசத்துக்கு!”

“அடி ஆத்தே! மழையில வழுக்காம கொழுந்து எடுக்கிறதுக்குள்ள நமக்கு உசுரு போகுது. சரி, எந்தக் கப்பலு?”

“ராமேஸ்வரம் கப்பல்தான். நீங்க போகப்போற அதே கப்பல். நாய்க்குத் தனியா கடுதாசி இருக்காம். கிளாக்கரய்யாவே பாத்தாராம்.”

மூத்தவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“நாய ஏத்த மாட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரேடி. நேத்துதான் எங்க மணிய மொனராகலையில தம்பி வீட்டுல விட்டோம். கத்திக்கிட்டே பின்னால ஓடியாந்துச்சு.”

“அண்ணன் யாருகிட்ட கேட்டாரு?”

“யாருகிட்டயும் கேக்கல. நமக்கே கடுதாசி கிடைக்க இத்தன வருசமாச்சு. நாய்க்கும் கேட்டா சிரிப்பாங்கன்னு இருந்துட்டோம்.”

இருவரும் டிக்கட் எடுத்திருந்த பசறையில் இளையவர் மட்டும் இறங்கினார். மூத்தவர் கண்டக்டரைக் கூப்பிட்டு, மொனராகலைக்கு ஒரு டிக்கட் கேட்டார்.