குண்டூசி குத்திய சீட்டு

ஆயர் ஐயா அவர்களுக்கு,

பெண்கள் ஐக்கியத்தின் வெள்ளி விழா மலருக்காக என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்து மூன்று வருடம் கட்டுரை நோட்டுத் திருத்திய கை இது, ஒரு பக்கத்தில் நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடை வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை நீங்கள் கேட்டபோது பேசாமல் இருந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் இந்தச் சபைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதனால் எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற பெண்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஜெபிப்பேன். வெளியே தெரியக் கூடாத விஷயம் என்றால் சீட்டை மடித்து ஒரு குண்டூசியைக் குத்திவிட வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப் போய், நான் மட்டும் படித்து ஜெபித்துவிட்டுக் கிழித்துப் போடுவேன். இந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். இத்தனை வருடத்தில் குண்டூசி குத்திய ஒரே ஒரு சீட்டைத்தான் சபையில் வாய்விட்டுச் சொன்னேன். அது கோமளாவுடையது.

கோமளாவை உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத மூலையில் உட்காருகிறாளே, அவள்தான். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை. கணவன் இறந்து பத்து வருடம் ஆகிறது. ரித்திகா என்று ஒரே மகள். நம் கோயிலுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஒற்றை அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கிற கோமளா வேறு. அன்றைக்கு அவள் சிரித்தால் நான் நடத்தும் கோயில் பாட்டு வகுப்பே நின்றுவிடும்.

போதும் என்கிற மனதைப் பற்றி நான் இந்தச் சபையில் பலமுறை பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அந்த மனம் ஒரு நாளும் வாய்த்ததில்லை. மாடி கட்டினேன், கார் வாங்கினேன், கூடத்துக்குப் பளிங்கு போட்டேன். அந்தப் பளிங்கில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்ததற்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதே வாரம் பெரிய மழை. கோமளாவின் ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு, ஆறுதல் சொல்லப் போனேன். அவள் வீடு முழுக்கப் பாத்திரத்தைப் பரப்பி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரக்கா. கொழாய்ல பத்து நாளா தண்ணி இல்லைங்க. இப்பப் பாருங்க, ஊட்டுக்குள்ளயே வருது. பாத்திரமெல்லாம் கழுவிப்போட்டேன்."

நான் ஆறுதல் சொல்லாமலே திரும்பி வந்தேன். அவளுடைய சேலை மீதோ, சம்பாத்தியத்தின் மீதோ எனக்குப் பொறாமை வர என்ன இருக்கிறது, ஐயா? நான் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தது அவளிடம் சும்மா கிடந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஷ்டம் போதாமல்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆவணியில் ரித்திகாவுக்குத் திருமணம் நிச்சயமானது. பையன் நல்லவன், சோமனூர்ப் பக்கம். அவனுடைய பெரியம்மா நம் ஐக்கியத்தில் இரண்டாம் வரிசையில் உட்காருகிறவர். அந்த வாரம்தான் கோமளாவின் சீட்டு வந்தது. ரித்திகாவுக்குச் சிறு வயதில் வலிப்பு இருந்தது, மாத்திரை சாப்பிடுவதால் ஒன்பது வருடமாக வரவில்லை என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்களே போய்ச் சொல்லிவிடப் போகிறோம், தைரியம் கிடைக்க ஜெபியுங்கள்.

நான் பெட்டியைத் திறந்த இடத்திலேயே குண்டூசியை எடுத்துவிட்டேன். மகள் ரித்திகாவின் வலிப்பு நோய் திருமணத்துக்கு முன் திரும்ப வராதபடி காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபித்தேன். பெண்கள் ஆமென் சொன்னார்கள். இரண்டாம் வரிசையில் இருந்து மட்டும் ஆமென் வரவில்லை. கடைசி வரியை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமையே திருமணம் நின்றது. மறைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று ஊர் பேசியது. நான் அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். கோமளா அழுதுகொண்டு வருவாள், நான் அணைத்துக்கொண்டு ஜெபிப்பேன் என்று எண்ணியிருந்தேன். அவள் உபவாசம் முடிந்து சாப்பிட எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள்.

"அதெல்லாம் போவுதுங்க டீச்சரக்கா. பாரம் தாங்காம உங்களுக்கு வாய் தவறி வந்துருச்சு. நீங்க வேணும்னே சொல்லுவீங்களா? சங்கடப்படாதீங்க, சாப்புடுங்க."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்காத மன்னிப்பை அவள் சோற்றோடு வைத்துவிட்டுப் போனது எனக்கு அவமானமாகப் பட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ரித்திகா என் வீட்டுக்குத் தனியாக வந்தாள். பளிங்கு அழுக்காகிவிடும் என்று செருப்பை வெளியே விட்டு, காலையும் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். பையன் போன் செய்தானாம். மாத்திரை இல்லாமல் ஆறு மாதம் நன்றாக இருந்தால் வீட்டில் பேசிப் பார்க்கிறேன் என்றானாம்.

"டீச்சரம்மா, மாத்திரைய நிறுத்திப்போட்டா என்னங்க ஆகும்? அம்மாகிட்டக் கேட்டா பயந்துக்கும். நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க."

நான் ஜெபித்தேன். செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லவில்லை. விசுவாசம் அவரவர் அளவு என்று மட்டும் சொன்னதாக இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் காலை ரித்திகா ஸ்கூட்டரில் வேலைக்குப் போனாள். அவிநாசி ரோட்டில் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டுத்தான் பார்த்தான். அவன் மேல் குற்றமில்லை. இருபத்து மூன்று வயது, ஐயா. பாட்டு வகுப்பில் என் வலது பக்கம் நின்று பாடுவாள். அந்த இடத்தில் இன்னும் யாரும் நிற்பதில்லை. நான் கல் இல்லை, அந்தப் பக்கம் திரும்பினால் எனக்குப் பாட்டு வராது.

அடக்க ஆராதனையில் நான்தான் ஜெபித்தேன். கோமளாதான் என்னை ஜெபிக்கச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"தெனமும் மாத்திரை போட்டாளேங்க டீச்சரக்கா, அப்புறம் எப்படிங்க வந்துது? நாந்தான் கடையில வேற மாத்திரைய மாத்தி வாங்கிப்போட்டனோ? எம் புள்ளைய நானே கொன்னுபோட்டனோ?"

எட்டு மாதமாக அதைத்தான் கேட்கிறாள். மருந்துக்கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் டாக்டர் எழுதித் தந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டுகிறாளாம். அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளிடமிருந்து போனது என்னிடம் வந்து சேரும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருப்பேன் போல. வரவில்லை. பளிங்கை மாற்றினேன், அதுவும் பிடிக்கவில்லை.

கோமளா மாத்திரையை மாற்றி வாங்கவில்லை. அவள் வாங்கிய நான்கு அட்டையும் என் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் இருக்கின்றன. ரித்திகா அன்று மத்தியானம் அவற்றைக் கைப்பையில் வைத்திருந்தாள். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். விசுவாசம் இருக்கிறவளுக்கு இது எதற்கு கண்ணு என்று கேட்டேன். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பிலேயே ஒரு பிள்ளை அப்படி விழுந்து, நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, டாக்டர் எனக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். தெரிந்துதான் கையை நீட்டினேன். இதற்குமேல் என்ன வந்தால் கோமளா அழுவாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

இதை மலரில் போடுவதும் போலீஸிடம் கொடுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழுவதையும் வாசித்துவிடுங்கள். இப்படித் தன்னைத் தாழ்த்தி எழுத இந்தச் சபையில் வேறு யாருக்கு மனம் வரும், சொல்லுங்கள். பொன்னாடையை அதற்குப் பிறகு போர்த்தினாலும் சரிதான். ஒரே ஒரு விண்ணப்பம். கோமளாவை அந்த மூலையில் விடாமல் முன் வரிசையில் உட்கார வையுங்கள். நீங்கள் வாசிக்கும்போது அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிய வேண்டும்.