பானையில் விழுந்த பேர்

"அலோ... ஆமாங்க, அம்சவல்லிதான். பாஸ்டரம்மாவா? ...அய்யாவா? கீறாருங்க, இங்கதான் கீறாரு. ...ஐய, ஒண்ணும் ஆவல. சாமைச்சோறு துன்னுட்டு புளி அடிக்கிற கொட்டாயில நல்லா தூங்குறாரு."

டவர் கிடைக்கும் பாறைமேல் அம்சவல்லி வசதியாக உட்கார்ந்தாள். டவுன் சர்ச்சில் போதகர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அது பிடிக்காமல் அவளும் ஒன்பது குடும்பமும் விலகி வந்து இரண்டு வருஷம். 'திரும்பி வருகிறோம்' என்று கையெழுத்து வாங்க இன்று போதகரே மலையேறி வந்திருந்தார். போடாவிட்டால் சர்ச் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் சர்ச் கல்லறையில் புருஷன் கோபால்சாமிக்குப் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை. காலையிலிருந்து அந்தப் பயம்தான்.

"...கையெழுத்தா? சொல்றங்க, சொல்றங்க. எங்களுக்குத்தான் பாஸ்டரு கெடையாதே. வந்தவங்க பேரெல்லாம் சீட்டு எழுதி பானையில போடுவோம். எந்தப் பேரு வருதோ அவங்க பேசணும். ...ஆமா, ஆமா, பொம்பளைங்களுந்தான். ...அதாங்க, இன்னிக்கு சீட்டுக்குப் பேப்பரு இல்ல. அய்யா ஒரு தாள நீட்டுனாரு. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. கேக்காமயே குடுக்குறாரே, நல்ல மனுசன்னு கிழிச்சிட்டேன். ...ம். ...ம். அதேதாங்க. ஆபீசு முத்திர போட்டது."

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"...சரிங்க. தப்புதாங்க. ...அப்பறம் இன்னா, பானையில கைய வுட்டா அவரு பேரே வந்துச்சு. பாத்துப் படிக்க ஜெப புஸ்தகமும் இல்ல, கீழ ஜீப்புலயே வுட்டுட்டு வந்துட்டாரு. அப்பறம் அவங்க அப்பா செத்தன்னிக்குப் போய்ச் சேர முடியாமப் போனத சொன்னாரு. ...உங்ககிட்டயே சொன்னதில்லியா? ...ஆமாங்க, அழுதாரு. நாங்களும்தான்.

"...பேரா? அடிக்க மாட்டாராம். அடிக்கிற பேனா தங்கிட்டதான் கீதாம், அதுல மை இல்லன்னுட்டாரு. என் வயித்துல பால வாத்தாருங்க. எங்க ஆளு பக்கத்துல எனக்கு எடம் கீது.

"...நீங்களுமா? வாங்க, வாங்க. ஞாயித்துக்கெழம வாங்க. வர்றப்ப ஒரு நோட்டு வாங்கியாங்க, முத்திர இல்லாததா. ஆமா, உங்க பேரு இன்னாங்க? ...இல்லங்க, பாஸ்டரம்மான்னு எழுதி பானையில போட முடியாது. உங்க பேரு.

"...அருணா. நல்ல பேருங்க. ...இன்னாது, நீங்க டவுனுக்கு வந்து ஆறு வருசமா ஒருத்தரும் கேக்கலியா? ...சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா? டவரு போவுது. அலோ? அருணாம்மா?"