ஆள் உயரம்

…அதத்தான் சார் நானும் சொல்றேன், தப்பு மெஷின் மேலதான். குனிஞ்சு வாங்க. இன்னும் கொஞ்சம்… அச்சச்சோ, இடிச்சிட்டீங்களா? தேய்ச்சு விடுங்க, வீங்காது. அது ஏசி டக்ட். அதுக்கு மேல தண்ணி பைப், அதுக்கும் மேல கரண்ட் வயரு. ஒண்ணோட ஒண்ணு முட்டுதா பாருங்க. முட்டாது. அதுல மெஷின் கெட்டி.

முன்னெல்லாம் எங்க ஆபீஸ்ல இத வரைய நாலு பேர் இருந்தாங்க. ஏசிக்காரர் கோடு போட்ட எடத்துலயே பைப்புக்காரரும் கோடு போடுவார். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்க மாட்டாங்க. நடுவுல நான் ஒருத்தி கெடந்து… சரி, அது எதுக்கு இப்போ. முதலாளி ஒரு நாள் இந்த சாஃப்ட்வேர் மெஷின வாங்கிட்டு வந்தார். கட்டடத்தோட படத்த உள்ள குடுத்தா போதுமாம், மிச்சத்த அதுவே வரைஞ்சிடுமாம். மத்தவங்கள அனுப்பிட்டு என்ன மட்டும் வச்சுக்கிட்டார். பட்டன் அமுக்க ஒரு ஆள் வேணும்ல?

என்ன சார்? ஆமா, நாந்தான் அமுக்குனேன். அதுக்காக நானா வரைஞ்சேன்? மாட்டுனவங்களும் வாயத் தொறக்கல. மெஷின் போட்ட படம், அப்படியே மாட்டணும்னு முதலாளி சொல்லிட்டாராம். இப்ப கட்டடத்துக்காரர் உங்க மாமனார் சார்பா நீங்க சரின்னு கையெழுத்து போடலேன்னா, முதலாளி மெஷினையா வேலய விட்டு அனுப்புவார்? என்னத்தான் அனுப்புவார்.

எனக்கா? எனக்கு எங்க சார் இடிக்குது? பாருங்க, நேராத்தான நடக்குறேன்.

அந்த மெஷின் கேக்குற கேள்வி இருக்கே, என் மாமியார்கூட அவ்வளவு கேட்டதில்ல. எத்தன ரூம், எத்தன ஜன்னல்… கடைசியா, ஆள் நடக்க எவ்வளவு உயரம் விடணும்னு கேட்டுச்சு. நான் எழுந்து செவுத்தோட ஒட்டி நின்னு, தலைக்கு மேல கோடு போட்டு, டேப் வச்சு அளந்தேன். தாராளமா இருக்கட்டும்னு நாலு விரல் சேத்தே குடுத்தேன் சார். அது அந்த எடத்த மட்டும் விட்டுட்டு, மேல இருந்ததுல எல்லாத்தையும் அடுக்கிடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க. பஸ்ல மேல இருக்கற கம்பி எனக்கு எட்டாது. என் வீட்டுக்காரர் அடிச்ச அலமாரியில உப்பு டப்பா எடுக்க ஸ்டூல் போடணும். ஒரு ஆள்னா எவ்வளவு உயரம்னு இத்தன நாள்ல யாராவது என்னக் கேட்டிருக்காங்களா? இது கேட்டுச்சு சார். சந்தோஷமா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

சார்? எங்க கெளம்பிட்டீங்க? கையெழுத்து… சார், வாசல்கிட்ட நிமிராதீங்க, அங்க ஒரு பைப்பு…

போச்சு. இனி எங்க போடப் போறார் கையெழுத்து.