எந்த அறிவித்தலைச் சொல்வது?

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் யோகராஜ் அவர்களே! கடையை அடைத்துவிட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே! எல்கடுவையிலிருந்து மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கும் தேயிலைத் தோட்டத்து உறவுகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வீரசிங்கம், மூன்று சகோதரிகள் இசைக்குழுவின் அறிவிப்பாளன். "அடுத்த பாடல்" என்று சொல்லியே பழகிய வாய் இது. இன்று அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறேன்.

இசைச்செல்வி பரிமளம் மறைந்துவிட்டார்! தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் சோற்றுத் தட்டிலும் தகர வாளியிலும் தாளம் போட்டுத் தங்கைகளைப் பாடவைத்தவர் மறைந்துவிட்டார். அவர் ஆர்மோனியம், நடுத்தங்கை சிவநந்தினி பாட்டு, கடைசித் தங்கை லோகநாயகி தபேலா. இந்த மாத்தளை மாவட்டத்தில் அவர்கள் ஏறாத திருவிழா மேடை உண்டா? அவர்கள் பாடாத கல்யாண வீடு உண்டா?

சபையோரே, என் குழப்பத்தைக் கேளுங்கள். மேடையேறுவதற்கு முன் சிவநந்தினி என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, குழுவக் கலைச்சாச்சுன்னு சொல்லிருங்க. ஆஸ்பத்திரியில அக்காவே, 'போதும் நந்தினி, நிப்பாட்டிரலாம்'னு சொன்னாங்க" என்றார். சரி என்று திரும்பினால் லோகநாயகி நிற்கிறார். "அண்ணே, குழு தொடர்ந்து நடக்கும்னு சொல்லிருங்க. அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'விட்டுறாத'ன்னு கேட்டாங்க" என்கிறார்!

நான் எதை நம்புவது? இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். அப்படியானால் பரிமளம் பொய் சொன்னாரா? களைத்தவளுக்கு ஒரு சொல், ஆசைப்பட்டவளுக்கு ஒரு சொல் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாரா? குழு என்ன ஆகும் என்று நானும் ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டேனே! "தேத்தண்ணி குடிச்சீங்களாண்ணே?" என்றார். அவ்வளவுதான்!

அடக்கம் முடிந்த நாளிலிருந்து தங்கைகள் பேசிக்கொள்வதில்லை. அதோ பாருங்கள், மண்டபத்தின் அந்த மூலையில் ஒருவர், இந்த மூலையில் ஒருவர். யட்டவத்தைக் கோயில்காரர்கள் தேர்த் திருவிழாவுக்கு வருவீர்களா என்று இன்றைக்கே பதில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

அதே யட்டவத்தையில் முன்பு ஒரு திருவிழாவில் இந்தத் தங்கைகள் சேலை நிறத்துக்காகச் சண்டை பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மேடையேறினார்கள். பரிமளம் ஆர்மோனியத்தைத் திறந்து, அவரே கட்டிய "மலை இறங்கி வாறோம்" பாட்டைத் தாறுமாறான சுருதியில் உச்சக் குரலில் தொடங்கினார்! அறிவிப்பாளன் நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அக்கா, சுருதி ஏறிப்போச்சு!" என்று தங்கைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திருத்தப் போனவர்கள் சேர்ந்து பாடி முடித்துவிட்டார்கள்.

பிறகு, என்னம்மா இப்படிப் பிழை விட்டீர்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதாண்ணே? என்னையத் திட்டுறதுன்னா மட்டும் ரெண்டும் ஒண்ணா சேர்ந்துரும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இனி எங்கே காண்பேன்? பரிமளம், எனக்கு அழுகை வருகிறது அம்மா! நீங்கள் உண்மையில் எதை விரும்பினீர்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கலைந்தது என்றும் அறிவிக்க மாட்டேன், தொடரும் என்றும் அறிவிக்க மாட்டேன். உங்கள் வாசிப்பைத் தொடர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பிழை விடும் வேலையை இன்று முதல் நான் ஏற்றுக்கொள்கிறேன். இது இந்தச் சபை அறிய என் உறுதிமொழி!

தலைவர் மன்னிக்க வேண்டும். படத்துக்கு முன்னால் வைத்திருக்கும் அந்த ஆர்மோனியத்தை இப்படித் தாருங்கள். எந்தக் கட்டை என்று எனக்குத் தெரியாது, இதையே அமுக்குகிறேன்.

"மலை இறங்கி வாறோம்... மழையே வழிவிடு..."

என்ன? சுருதி பிழையா? யார் சொன்னது? சிவநந்தினியா, லோகநாயகியா?

இரண்டு பேருமா! அப்படியென்றால் அங்கே நின்று கத்தாதீர்கள், மேடைக்கு வந்து திருத்துங்கள்.