பச்சைக் கோட்டும் ஹெல்மெட் கணக்கும்

"ஊர்ல எல்லாரும் இவ்ளோ ஒழுங்கா இருந்தா, நான் எப்பிடிக்கா டாக்டர் பட்டம் வாங்கறது?"

புதுவாயலில் ஏறிய ஷேர் ஆட்டோவில், எதிரே இருந்த பெண் இப்படிக் கேட்டதும் என் காது நீண்டுவிட்டது. சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காக, கூட்டுரோட்டில் ஹெல்மெட் போட்டவர்களை எண்ணுகிறவளாம். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஓர் அக்கா.

"ஆராய்ச்சிப் பத்திரிகைல என் கட்டுரைய திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாரும் ஹெல்மெட் போடறாங்கன்னா நம்ப முடியலையாம். அது அச்சுல வராம பட்டம் கிடையாது."

"இன்னா போட்டுக்கினு நின்னே?"

"காலேஜ்ல குடுத்த பச்சைக் கோட்டு. பளபளன்னு இருக்கும். ரோட்டோரம் நிக்கறேன்ல, என் பாதுகாப்புக்கு."

"போச்சு போ. கையில நோட்டு வேற. போலீஸுன்னு நெனச்சிக்கினு தூரத்துலயே மாட்டியிருப்பானுங்க. எங்க ஊட்டுக்காரரே உன்னத் தாண்டினதும் கழட்டி டேங்க் மேல வெச்சிடுவாரு."

"மூணு மாசம் வெயில்ல நின்னேன்க்கா."

"கோட்டைக் கழட்டிட்டு டீக்கடையில உக்காந்து எண்ணு, ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மூன்று மாத நல்லவர்களில் நானும் ஒருவன். நாளை என் வண்டி சர்வீஸிலிருந்து வந்துவிடும். போலீஸ் இல்லை என்று தெரிந்தாலும், அவள் நோட்டில் ஹெல்மெட் போடாதவனாக ஏற மனம் வரவில்லை. இனி அவள் எந்த டீக்கடையில் இருப்பாளோ, வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பாவம், கணக்கு மறுபடியும் கெடப்போகிறது.