வெள்ளையா, கண்ணாடியா

இல்ல மேடம், படகு இதுக்கு மேல வேகம் வேண்டாம். வேகமா இழுத்தா வலைக்குள்ளயே மீன் முட்டையெல்லாம் நசுங்கிடும். உங்களுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க சொல்லிக் குடுத்தது.

ஆமா, இதே பலகைலதான் உக்காருவாங்க. முட்டைய அள்ளிப் போட்ட பாட்டில வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிப்பாங்க. கண்ணாடி மாதிரி இருந்தா முட்டைக்கு உசுரு இருக்கு, வெள்ளையாயிட்டா போச்சும்பாங்க. அப்பல்லாம் அள்ள அள்ளக் கண்ணாடிதான். லென்ஸ வெச்சா உள்ள ரெண்டு கருப்புப் புள்ளி தெரியும். கண்ணு. அதப் பாத்துத் தானா சிரிச்சுப்பாங்க.

அப்புறந்தான் அந்த மின்சார நிலையம் வந்துச்சு. அதோ, ரெண்டு புகைபோக்கி தெரியுதே. மெஷினக் குளுர வெச்சுட்டு வர்ற சூட்டுத் தண்ணிய இந்தப் பக்கம் கடல்ல தொறந்து விட்டுட்டாங்க. கைய விட்டுப் பாருங்க. நமக்குச் சொகமாத்தான் இருக்கும். முட்டைக்குள்ள இருக்கறதுக்கு அவசரம் வந்துடுது. காலம் வர்றதுக்கு முன்னாடியே பொரிஞ்சு வந்துடுது, முதுகு கோணிக்கிட்டு. வாய் தொறந்திருக்காது. கூடக் கொண்டு வந்த மஞ்சக்கருவும் சூட்டுல சீக்கிரமே தீந்துடும். சுத்தித் தீனி கெடக்கும், திங்க வாயில்ல.

அதப் பாத்துத்தான் அவங்க ஒடைஞ்சு போனாங்க. கொஞ்சம் குஞ்சுகள ரூமுக்குக் கொண்டுபோய், தொட்டி வெச்சு, குளுந்த தண்ணியா மாத்தி மாத்தி ஊத்திப் பக்கத்துலயே உக்காந்து கெடந்தாங்க. ஒண்ணும் தங்கல. அதோட வேலைக்கு வர்றதையும் விட்டுட்டாங்க.

இப்பவா? வீட்லதான் இருக்கா. கரையில பச்சை ஜன்னல் தெரியுதில்ல, அந்த வீடு. என் சம்சாரம், மேடம். ஆபீஸ்ல சொல்லலியா? இவ்ளோ படிச்சுட்டு ஒரு படகுக்காரனப் போய்க் கட்டிக்கிட்டாளேன்னு அப்ப அங்க அதான் பேச்சு.

வீட்ல வெந்நிய ஆற வெக்காம கீழ ஊத்த முடியாது. ஒரு நாள் மறந்தாப்ல ஊத்திட்டேன். ஓடி வந்து சாக்கடை வாயக் கையாலயே அடைச்சுட்டா, இது கடலுக்குத்தான போகுதுன்னு. கை கொப்பளிச்சுப் போச்சு. தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்குவா. குஞ்சுக்கு வாய் தொறந்துச்சான்னு கேப்பா. தொறந்துச்சு, நீ படுன்னு சொல்லுவேன்.

நான் கரைக்குப் போனதும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளையா, கண்ணாடியா? கண்ணாடின்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. காட்டுன்னா. அதனால நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி அதோ தெரியுதே, அந்தத் தீவத் தாண்டிப் போயிட்டு வந்துடுவேன். அங்க தண்ணி சில்லுன்னு இருக்கும். அங்க அள்ளுனத இங்க அள்ளுனேன்னு குடுப்பேன். லென்ஸ வெச்சு ரொம்ப நேரம் பாப்பா. அன்னிக்கு நல்லாத் தூங்குவா.

ஏமாத்துதான். வேற என்ன செய்யச் சொல்றீங்க.

இந்தாங்க, இந்தப் பாட்டிலப் புடிங்க. இல்ல, இது நம்ம வலையில வந்ததில்ல. இன்னிக்குக் காலைல தீவத் தாண்டி எடுத்தது. கொஞ்சம் வெளிச்சத்துக்கு நேரா வெச்சுப் பாத்துச் சொல்லுங்க மேடம். எனக்கு எல்லாமே வெள்ளையாத் தெரியுது.