ஈரிஸின் முதல் ஓட்டு

ஹலோ... ஹலோ, ஈரிஸ்தானே? நான் மார்கெட்டா பேசறேன். ஒவுலு பல்கலைக்கழகத்துலேர்ந்து... ஆமா ஆமா, உங்க பள்ளிக்கூடத்துக்கு சர்வே எடுக்க வந்த மார்கெட்டாதான்... இது என்ன, புதுசா மேடம்னு கூப்பிடறே? முன்னாடி பேர் சொல்லித்தானே பேசுவே... சரி. உன் இஷ்டம்.

இல்லம்மா, இன்னொரு கேள்வித்தாளைத் தூக்கிக்கிட்டு வரல. போன வாரம் நகராட்சிக் கூட்டத்துல நடந்தது... கேட்டேன். நீ பேசின ரெக்கார்டிங்கைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தை மூடாதீங்கன்னு நீ அவ்வளவு தெளிவா... ம்... ம்... கைதட்டினாங்களா? உன்னை நடுவுல நிக்கவச்சு போட்டோ வேறயா? அதுக்கப்புறம்தான் மூடலாம்னு கையைத் தூக்கினாங்களா...

தெரியும். என் அறிக்கையைத்தான் வாசிச்சிருக்காங்க. பஸ்ல போய்ப் படிக்க மாணவர்கள் தயார்னு... ஈரிஸ், கொஞ்சம் கேளு. சர்வேல மூடலாமாங்கறது முதல் கேள்வி. வேண்டாம்னுதான் எல்லாரும் சொன்னீங்க. மூடிட்டா என்ன செய்வீங்கன்னு அடுத்தது. பஸ்ல போவோம்னீங்க. வேற என்னதான் சொல்ல முடியும்? அவங்க ரெண்டாவதை மட்டும் எடுத்து... ஆமா. ஆமா, என் பேரைப் போட்டுத்தான்.

எழுதினேனே. அது தப்புன்னு நகராட்சித் தலைவருக்கும் எழுதினேன், பத்திரிகைக்கும் எழுதினேன்... உங்க அக்கறைக்கு நன்றின்னு ஒரு வரி வந்துச்சு... சிரிக்காதேம்மா.

அது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நகராட்சித் தேர்தல் இருக்கில்ல. உனக்கு முதல் ஓட்டு. கிளாஸ்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போவேன்னு நீதானே... யாருமே ஓட்டுப் போடப் போகலையா?... நீயுமா?

இரு, அங்க என்ன சத்தம்? பஸ் ஸ்டாண்டுலயா நிக்கறே?... நார்வேக்கா? மீன் ஃபேக்டரி வேலைக்கா?... இன்னும் ஒரு வருஷம்தானே படிப்பு, ஈரிஸ்... அப்பா என்ன சொன்னார்?... ம்... ஏப்ரல்லயும் பனி கொட்டற ரோட்டுல, தினம் மூணு மணி நேரம் பள்ளிக்கூட பஸ்ல... புரியுது. புரியுதும்மா.

இல்ல, போகாதேன்னு சொல்ல நான் யாரு... ஆராய்ச்சிக்காகக் கேக்கல. சத்தியமா இல்ல. நீங்க பேசினா அவங்க கேப்பாங்கன்னு ஊர் ஊரா போய்ச் சொன்னவ நான்... விடு.

என்ன கேட்டே? சரியா காதுல விழல... அடுத்த அறிக்கையில உன்னைப் பத்தி என்ன எழுதுவேனா?...

பதில் சொல்ல விரும்பவில்லைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எண்ணிக்கை ஒண்ணு கூடும். அவ்வளவுதான்... இல்லம்மா. ஏன்னு எழுத அதுல இடம் கிடையாது...

ஹலோ?... ஈரிஸ்?... ஹலோ...